சத்தத்துக்குள் கால்

மகள் மூன்று மாதக் காசைக் கட்டிவிட்டு
வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போய்விட்டாள்.
கட்டின காசு திரும்பாது என்று
பற்றுச்சீட்டின் அடியில் அச்சடித்திருந்தது.
அதனால்தான் நான்,
வயது ஐம்பத்து நாலு, வலது முழங்காலில் நீர்,
ஞாயிறு பின்னேரம் ஐஸ் பக்டரிக்குப் பின்னால்
நிஞ்சா பழகப் போனேன்.

இருபத்தெட்டு வருஷக் கண்டக்டர்.
கந்தளாய் ஹபரணை தம்புள்ளை கண்டீ என்று
நான் கூப்பிட்டால்
மீன் சந்தையில் காகம் எழும்பும்.

ஷிஃப்னா கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.
மகளைவிட ஆறு வயது கூட.
நகோயாவில் கிழவர்களைக் குளிப்பாட்டிய மூன்று வருஷத்தில்
இரவில் இதைப் பழகினாளாம்.
'முதல்ல விழுங்க' என்றாள்.
விழுந்தேன். பலகை மண்டபம் அதிர்ந்தது.
துறைமுகத்துக் கிளார்க் டிலக்சன் சிரித்தான்.
தரையோடு சண்டை வேண்டாமாம்:
தோளில் கொடுத்து
எதிர் இடுப்பில் மிச்சம் வாங்கவேண்டும்.
மிச்சக் கணக்கு எனக்குத் தெரியும்.
நாலாம் கிழமை உருண்டேன்.

'சும்மா நில்லுங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி.'
முதல் நாளே சரியாய்ச் செய்தது
இது ஒன்றுதான்.
பிறகு யோக்கோ அறுக்கி.
பெயரைக் கேட்டுப் பயந்தேன்.
பார்த்தால், காலுக்குக் குறுக்கே கால் மாற்றி,
ஒருவர் மூச்சும் இன்னொருவர் மேல் படாமல்
நெரிசலில் நான் டிக்கட் போடுகிற அதே நடை.

கடினம் நேர் நடைதான்.
சின்ன விரல் முதலில்,
பிறகு பாதத்தின் வெளியோரம்,
முன்னங்கால் சம்மதிக்கும்வரை
பாரம் முழுக்கப் பின்னங்காலில்.
முழங்கால் மட்டும் ஒவ்வொரு முறையும்
முறுக்கு மாதிரி உடைந்தது.

'அமைதிய நீங்க செய்ய ஏலாது' என்றாள்.
'எங்கயும் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும்.
அதுக்குள்ள கால வைங்க.'
டச்சுக் குடாவில் அலை உடையும்போது ஓரடி.
நாய் குரைத்தால் அந்தக் குரைப்புக்குள் ஓரடி.
பாங்குக்குள், கொழும்பு மெயிலின் கூவலுக்குள்,
கோயில் மணிக்குள்.

மணி.

தொண்ணூற்றெட்டு, கந்தளாய்க்கு இந்தப் பக்கம்.
இறங்கி வரிசையில் நடந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
தடைக்கு அப்பால் ஏறியவர்கள் நாற்பது.
பதின்மூன்றாம் சீட்டில்
லஞ்ச் ஷீட்டில் சுற்றிய ஒரு பார்சல், சூடு ஆறவில்லை.
எண்ணினேன்.
பின்னாலிருந்து முன்னுக்கு இன்னொரு தரம் எண்ணினேன்.
கயிற்றை இழுத்தேன்.
டிங் டிங்.
டிரைவர் கியரைப் போட்டார்.

போன கிழமை கடைசி ட்ரிப் முடிந்த பிறகு
பஸ் ஸ்டாண்டில் மானிடம் போய்ப் பார்த்தேன்.
மட்டக்களப்புப் பலகையின் கீழ்
கொம்பு வைத்தது ஒன்று படுத்துக் கிடந்தது,
வாயில் சோளன் பொத்தியின் தோல்.
செருப்பைக் கழற்றினேன்.
தேத்தண்ணிக் கடை ஷட்டர் இறங்க மூன்றடி.
ரிவர்ஸ் எடுத்த லொறியின் கூச்சலுக்குள் ஐந்து.
ஓர் இருமலுக்குள் ஒன்று. யாருடையதோ.
முழங்கால்கூட வாய் திறக்கவில்லை.
கொம்பின் மேலிருந்த பஞ்சு தெரிகிற தூரம்.
ஷிஃப்னா பார்த்திருக்கவேண்டும் என்று நினைத்தபோதுதான்
கண்டேன்.

உடம்பு கிடந்தபடி கிடந்தது,
கண்ணும் எங்கோ.
ஒரு காது மட்டும்
என் பக்கம் திரும்பியிருந்தது.
எப்போது திரும்பியதோ.
முதலாம் அடியிலேயே போலும்.
கேட்டது. கேட்டுவிட்டு
அசையாமல் இருந்தது.

அப்படி நாற்பது சோடிக் காதுகளை
எனக்குத் தெரியும்.

செருப்பை எடுக்கவில்லை.
உட்துறைமுக வீதி முழுக்க
குதிகால் ஊன்றி நடந்தேன்.

இன்று ஷிஃப்னா கேட்டாள், 'எத்தன அடி?'
டிலக்சனும் திரும்பிப் பார்த்தான்.
ஒன்றுமில்லை என்றேன்.
'பரவால்ல. திரும்ப விழுங்க.'
விழுந்தேன்.
மிச்சம் வாங்க மறந்துபோனேன்.
மண்டபம் முழுக்கக் கேட்டது.